வடிகட்டியும் 23 லிட்டர் ஒயினும்

அமெரிக்காவில் வீட்டில் ஒயின் செய்வது குற்றமல்ல. வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன் வரை செய்துகொள்ளலாம், விற்கத்தான் கூடாது. 100 காலன் என்பது ஏறத்தாழ 378 லிட்டர். ஆனால் பலருடைய நிலவறையில் இருப்பது குறுகிய கழுத்துக் கண்ணாடிக் குடுவை ஒன்றோ இரண்டோதான். கார்பாய் என்று அதற்குப் பெயர். வழக்கமான அளவு 6 காலன், அதாவது 23 லிட்டர். செப்டம்பரில் திராட்சையை நசுக்கிப் புளிக்க வைப்பார்கள். மண்டி அடியில் தங்கியதும் மேல் தெளிவை இரண்டு மூன்று முறை இறுத்து வைப்பார்கள். வசந்தம் வரும்போது சிறு மின்மோட்டார் பொருத்திய வடிகட்டி ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ அதன் வழியே ஒயினைச் செலுத்துவார்கள். பளிங்கு போல் வெளியே வரும். ஆனால் வாயில் வைத்தால் நனைந்த அட்டைப்பெட்டியின் சுவை. அல்லது போன வாரம் வரை இருந்த பழவாசம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. எட்டு மாத உழைப்பு ஒரு மதியத்தில் கெட்டுவிட்டதாகத் தோன்றும்.

கெடுத்தது எது? இந்தக் கேள்விக்கு ஒயின் உலகில் இரண்டு கட்சிகள் உண்டு. வடிகட்டி ஒயினின் உயிரை உருவிவிடுகிறது என்பது ஒரு கட்சி. கலிபோர்னியாவின் பெர்க்லியில் கடை வைத்து பிரெஞ்சு ஒயின்களை இறக்குமதி செய்துவந்த கெர்மிட் லிஞ்ச் இதன் உரத்த குரல். 1988இல் வெளிவந்த தம் நூலில் மட்டுமல்ல, தம் வணிகத்திலும் அதையே வற்புறுத்தினார். வடிகட்டாமல் புட்டியில் அடைத்துத் தரும்படி பிரெஞ்சு உற்பத்தியாளர்களிடம் கேட்டு வாங்கினார். விமர்சகர் ராபர்ட் பார்க்கரும் அந்தப் பக்கம் நின்றார். எதிர்க்கட்சியில் நிற்பவர் பிரான்சின் போர்தோவைச் சேர்ந்த எமில் பேனோ. 1912இல் பிறந்து 2004இல் மறைந்த இவர் இருபதாம் நூற்றாண்டு ஒயின் அறிவியலின் பெரிய ஆசான்களில் ஒருவர். வடிகட்டும் செயல் தன்னளவில் தரத்தைக் குறைப்பதில்லை என்பது அவர் நிலை. குறைக்கும் என்று வாதிட்டால், ஒயினில் மிதக்கும் தூசும் மண்டியும் நற்சுவை தருகின்றன என்று ஒப்புக்கொள்ள நேரும் என்றார். கேடு நேர்ந்தால் அது வடிகட்டிய விதத்தால் நேர்ந்தது.

இரு கட்சியினரும் பீப்பாய்களையும் தொட்டிகளையும் மனத்தில் வைத்துப் பேசியவர்கள். 23 லிட்டர் குடுவை அந்த விவாதத்துக்குள் வரவே இல்லை. வீட்டில் செய்பவர்களோ இரண்டில் ஒரு கட்சியின் வாதத்தை அப்படியே எடுத்துத் தங்கள் குடுவைக்குப் பொருத்திக்கொள்கிறார்கள். அது சரிதானா என்று பார்க்க வேண்டும்.

முதலில் துளைக் கணக்கு. வீட்டு வடிகட்டிகளுக்குக் கிடைக்கும் அட்டைகள் மூன்று தரம். சொரசொரப்பானது ஏறத்தாழ 5 மைக்ரான், அடுத்தது 2 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு, மிக நுண்ணியது 0.5 மைக்ரான். 0.5 மைக்ரான் என்பது 500 நானோமீட்டர். ஒயினுக்கு மணம் தரும் எஸ்டர், டெர்பீன் போன்ற மூலக்கூறுகளோ ஒரு நானோமீட்டரை ஒட்டியவை. ஒரு மீட்டர் அகல வாசலில் இரண்டு மில்லிமீட்டர் எறும்பு நுழைகிற விகிதம் இது. வாசல் எறும்பைத் தடுக்காது. ஈஸ்ட் செல் 5 முதல் 10 மைக்ரான் இருக்கும், அது தடுக்கப்படும். ஆகவே துளைகள் மணத்தைச் சல்லடையிட்டு எடுத்துவிடுகின்றன என்ற வாதம் நிற்காது. இந்த அளவில் பேனோ சொன்னது சரி.

ஆனால் வடிகட்டி அட்டை வெறும் சல்லடை அல்ல. செல்லுலோஸ் இழைகளையும், பல அட்டைகளில் டயட்டம் மண் அல்லது பெர்லைட் தூளையும் சேர்த்து அழுத்திச் செய்த தடித்த பொருள் அது. உள்ளே வளைந்து வளைந்து செல்லும் பாதைகள். பல அட்டைகளின் இழைகளுக்கு நேர்மின்னேற்றமும் கொடுத்திருப்பார்கள். அதனால் துளையில் எளிதாகப் புகக்கூடிய சிறு பொருளும் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பு ஒயினின் நிறப்பொருளும், டானினும் பல்சர்க்கரையும் சேர்ந்த கூழ்மத் துகள்களும் இப்படித்தான் சிக்குகின்றன. வாயில் உணரும் கனத்துக்கு அந்தக் கூழ்மங்களுக்கும் பங்கு உண்டு. ஆக, வடிகட்டி எதையும் எடுப்பதில்லை என்று சொன்னாலும் பொய்யாகும்.

இங்கேதான் அளவு பேசத் தொடங்குகிறது. அட்டையின் ஒட்டும் இடங்களுக்கு ஒரு வரம்பு உண்டு. முதலில் வரும் ஒயினிலிருந்து எடுத்துக்கொண்டு அவை நிரம்பிவிட்டால், பின்னால் வருவது ஏறக்குறைய அப்படியே கடந்துபோகும். ஆயிரக்கணக்கான லிட்டர் ஓடும் ஆலையில் முதல் சில லிட்டர்களின் இழப்பு மொத்தத்தில் கரைந்துபோய்விடும், நாக்குக்குத் தெரியாது. 23 லிட்டரில் அந்த முதல் சில லிட்டர்களே கணிசமான பங்கு. பேனோவின் வாதம் ஆலையில் செல்லும், குடுவையில் அதே உறுதியோடு செல்லாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அடுத்து வரும் இரண்டு குறைகளிலும் இதே கணக்கு இன்னும் கடுமையாக வேலை செய்கிறது.

ஒன்று, காகிதச் சுவை. புது மண்பானை வாங்கினால் முதல் இரண்டு மூன்று நாள் ஊற்றிய தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. நிரப்பி, ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி, மண்வாசம் அடங்கிய பிறகே குடிக்க எடுப்போம். வடிகட்டி அட்டைக்கும் அந்தப் பக்குவம் வேண்டும். செல்லுலோஸ் இழைகளின் சுவையும், டயட்டம் மண்ணிலிருந்து கொஞ்சம் கால்சியமும் இரும்பும் ஒயினின் புளிப்பில் கரைந்து வெளியேறும். முதலில் நீர்த்த சிட்ரிக் அமிலக் கரைசலை ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணீரை ஓடவிட்டால் பெரும்பகுதி போய்விடும். வெறும் தண்ணீரில் ஒருமுறை நனைத்து எடுப்பது போதாது. ஒயினின் அமிலம் கரைக்கக்கூடியதை முன்கூட்டியே ஓர் அமிலம் கரைத்து எடுத்துவிட வேண்டும் என்பதுதான் இதன் தத்துவம். போதுமா என்று அறியக் கருவி எதுவும் தேவையில்லை. அட்டை வழியே வந்த தண்ணீரையும் குழாயில் நேரே பிடித்த தண்ணீரையும் அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தால் போதும். வேறுபாடு தெரியாமல் போகும்வரை கழுவ வேண்டும்.

பலர் இதை ஒரு லிட்டர் தண்ணீரோடு முடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் இன்னொரு தவறு: அட்டைக்குள்ளும் குழாய்க்குள்ளும் தங்கியிருக்கும் கழுவுநீரோடு கலந்து வரும் முதல் ஒயினையும் குடுவையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். ஒரு புட்டி அளவாவது கொட்டிவிட வேண்டும். 23 லிட்டரில் கிடைப்பதே முப்பது புட்டிதான் என்பதால் மனம் வருவதில்லை. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு புட்டியைக் காப்பாற்றுவதற்காக இருபத்தொன்பதைப் பணயம் வைப்பது சரியல்ல.

மற்றொன்று காற்று. முதன்மைக் குற்றவாளி இதுதான் என்று எனக்கு ஐயமே இல்லை.

வாழைக்காயை நறுக்கியதும் தண்ணீரில் போடுகிறோம். போடாவிட்டால் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். ஒயினில் நடப்பது அதற்கு உறவான வேதியியல். கரைந்த ஆக்சிஜன், இரும்பு போன்ற உலோகத் தடயங்களின் துணையோடு ஒயினின் பாலிபீனால்களைத் தாக்குகிறது. அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆல்கஹாலைத் தாக்கி அசிட்டால்டிஹைடு ஆக்குகிறது. அடிபட்டுப் பழுத்த ஆப்பிளின் வாடை அதிலிருந்து வருவது. பழமணம் மங்குவதும், வெள்ளை ஒயின் பழுப்பேறுவதும் இதன் தொடர்ச்சி. இதைத் தடுக்கத்தான் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் சேர்க்கிறார்கள். அது தரும் சல்பர் டை ஆக்சைடு பெராக்சைடை மடக்குகிறது, உண்டான அசிட்டால்டிஹைடையும் பிணைத்து வாடையை அடக்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறை வெப்பத்தில் காற்றோடு நன்றாகக் கலந்த ஒயின், லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவு ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும். குளிர்ந்த ஒயின் இன்னும் கூடுதலாக ஏற்கும். ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன், வேதிக் கணக்குப்படி 4 மில்லிகிராம் சல்பர் டை ஆக்சைடைத் தின்னக்கூடும். 8 மில்லிகிராமுக்கு 32. பிஹெச் 3.4 உள்ள ஒரு வெள்ளை ஒயினுக்குப் பரிந்துரைக்கப்படும் கட்டற்ற சல்பர் டை ஆக்சைடும் லிட்டருக்கு ஏறத்தாழ 32 மில்லிகிராம்தான். கவனமில்லாத ஒரே ஒரு வடிகட்டல், ஆண்டு முழுதும் காவல் நிற்க வேண்டியதை ஒரே வீச்சில் துடைத்துவிட முடியும். இது மோசமான எல்லை; கவனமான கைகளில் இவ்வளவு நேராது. ஆனால் வீட்டு அமைப்பு அந்த மோசமான எல்லையை நோக்கியே சாய்கிறது. ஏன் என்றால், வடிகட்டும் ஓட்டத்தில் காற்று மிகுதியாகச் சேர்வது தொடக்கத்திலும் முடிவிலும். தொடக்கத்தில் குழாயிலும் அட்டைக் கூட்டிலும் நிறைந்திருந்த காற்றை ஒயின் தள்ளிக்கொண்டு வருகிறது. முடிவில் குடுவையின் அடியில் குழாய் காற்றையும் ஒயினையும் சேர்த்து உறிஞ்சிக் களகளவென்று ஒலிக்கிறது. பெரிய தொட்டியில் இந்த இரண்டு கட்டங்களும் நெடும்பயணத்தின் இரு முனைகள். குடுவையிலோ தொடக்கம் முடிந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் முடிவு வந்துவிடுகிறது.

கண்ணுக்குத் தப்பும் இன்னொரு வழியும் உண்டு. மோட்டாரின் உறிஞ்சும் பக்கத்துக் குழாய் இணைப்பு சற்றுத் தளர்ந்திருந்தால் அங்கே ஒயின் கசியாது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு விழாததால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வார்கள். வெளிவரும் குழாயில் நுண்குமிழிகள் ஓடுகின்றனவா என்று உற்றுப் பார்த்தால்தான் பிடிபடும். பெறும் குடுவையில் குழாய் முனையை அடிவரை இறக்காமல் மேலிருந்து கொட்டவிடுவது அடுத்த பிழை. காபி வடிகட்டும் தாளைப் புனலில் போட்டுச் சொட்டுச் சொட்டாக ஒயினை வடிப்பவர்களும் இருக்கிறார்கள். மோட்டார் இல்லை, அழுத்தம் இல்லை, ஆகவே மென்மையானது என்று அவர்கள் நினைப்பு. ஒவ்வொரு சொட்டும் காற்றில் குளித்து இறங்கும் அந்த முறையைவிடக் கெட்ட முறை எனக்குத் தெரியவில்லை.

ஆக்சிஜனின் கேடு அன்றே தெரிவதில்லை. கரைந்த ஆக்சிஜன் வினைபுரிந்து தீர நாட்களோ வாரங்களோ ஆகும். வடிகட்டிய அன்று ருசி பார்த்து மகிழ்ந்தவர் ஆறு வாரம் கழித்துப் புட்டியைத் திறந்து முகம் சுளிக்கிறார். கழுவாத அட்டையின் சுவையோ முதல் கோப்பையிலேயே இருக்கும், காலத்தோடு பெரிதாக வளராது. எப்போது தோன்றியது என்று கேட்டாலே பாதி வழக்கு தீரும். மீதிப் பாதிக்கு, வடிகட்டுவதற்கு முன்பும் பிறகும் கட்டற்ற சல்பர் டை ஆக்சைடை அளந்து எழுதி வைத்திருந்தால் போதும். வீட்டில் அளக்கும் சோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன. அளக்காமல் வடிகட்டியைத் திட்டுவது ஆதாரமில்லாத குற்றச்சாட்டு.

ஆங்கிலத்தில் நனைந்த அட்டை என்ற ஒரே தொடரை மூன்று வேறு குறைகளுக்கும் சொல்லிவிடுகிறார்கள். குழப்பத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. நம் சமையலறைச் சொற்கள் இதைவிடக் கூர்மையானவை. புதுத்தாள் வாசம் வேறு, அடிபட்ட பழத்தின் வாடை வேறு, மக்கல் வாடை வேறு. முதல் இரண்டும் மேலே சொன்னவை. மூன்றாவதான மக்கல் வாடைக்கு டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் காரணமாக இருக்கலாம். தக்கை கெடுத்த ஒயினின் வாடைக்கு இதுவே காரணம் என்பதை 1980களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் டானரும் அவர் குழுவினரும் நிறுவினார்கள். லிட்டருக்கு ஒரு சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். குளோரின் சேர்ந்த பீனால்களைப் பூஞ்சை மாற்றும்போது இது உண்டாகிறது. ஈரமான நிலவறையில் பிரித்த உறையோடு கிடக்கும் வடிகட்டி அட்டைகள் இந்த வாடையை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், பிறகு ஒயினுக்குக் கொடுக்கும். வடிகட்டியைக் குளோரின் சலவைத் திரவத்தால் கழுவுவது இதற்கு அழைப்பு விடுப்பது. காகிதச் சுவையைக் கழுவித் தடுக்கலாம், காற்றின் கேட்டைக் கவனத்தால் குறைக்கலாம். மக்கல் ஏறிய அட்டையைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை.

வடிகட்டிய புதிதில் எந்தக் கோளாறும் இல்லாமலே ஒயின் ஊமையாகிவிடுவதும் உண்டு. சில வாரத்தில் தானே பேசத் தொடங்கும். ஒரு மாதம் ஆவதற்கு முன் தீர்ப்பு எழுதாமல் இருப்பது நியாயம்.

இதுவரை சொன்னதை வைத்து, நன்றாகக் கழுவி, இணைப்புகளை இறுக்கி, பெறும் குடுவையில் காற்றை விரட்ட முன்பே ஆர்கனோ நைட்ரஜனோ நிரப்பி வடிகட்டினால் கெடுதல் இல்லை என்று முடித்துவிடலாம். பேனோ கட்சியின் முடிவு அதுவாகத்தான் இருக்கும். அங்கே நிற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கெடுக்காமல் செய்ய முடியும் என்பது செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் ஆகாது. எதற்காக வடிகட்டுகிறோம்?

நுண்ணுயிர்க் காவலுக்கு என்பது ஒரு பதில். சர்க்கரை முழுதும் புளித்துத் தீர்ந்து, மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறியும் முடிந்த சிவப்பு ஒயினில் ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் பெரிதாகத் தீனி இல்லை. சல்பைட்டும் சரியாக இருந்தால் காவலுக்கு அது போதும். இனிப்பு மிஞ்சிய ஒயினில் நிலைமை வேறு. ஈஸ்ட் தப்பினால் புட்டிக்குள் மறுபடி புளித்துத் தக்கையைத் தள்ளும், கண்ணாடியையும் உடைக்கும். ஆனால் வீட்டு அட்டை அந்தக் காவலைத் தருகிறதா? மூன்றாம் தர அட்டையைக் கிருமிநீக்கும் அட்டை என்றே விற்கிறார்கள். அதில் எழுதியிருக்கும் 0.5 மைக்ரான் பெயரளவு எண். பெரும்பாலானவற்றைத் தடுக்கும் என்றுதான் அதற்குப் பொருள். ஒன்றைக்கூட விடாது என்ற உறுதி அல்ல. அந்த உறுதி, சோதித்துப் பார்க்கக்கூடிய 0.45 மைக்ரான் சவ்வு வடிகட்டிக்கே உண்டு. சொற்ப ஈஸ்ட் தப்பினாலும் அது பெருகும். அட்டையை நம்பிச் சல்பைட்டும், ஈஸ்ட்டைப் பெருகவிடாத சார்பேட்டும் சேர்க்காமல் விட்டவர்கள் இரண்டு பக்கமும் இழக்கிறார்கள். சார்பேட்டுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. லாக்டிக் பாக்டீரியா உயிரோடிருக்கும் ஒயினில் அதைச் சேர்த்தால், கசக்கிய ஜெரேனியம் இலையின் வாடை வரும், பிறகு போகாது.

இரண்டாவது பதில் தெளிவு. வீட்டில் வடிகட்டுபவர்களில் பெரும்பாலோர் தேடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். பழப் பெக்டினாலோ புரதத்தாலோ வந்த கலங்கலுக்கு இந்த அட்டை சரியான மருந்து அல்ல. அட்டை அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும், ஓட்டம் நீளும், காற்று கூடும். பெக்டினுக்கு அதைச் சிதைக்கும் நொதி வேண்டும், புரதத்துக்குப் பென்டோனைட் களிமண் வேண்டும். களிமண்ணின் எதிர்மின்னேற்றம் புரதத்தின் நேர்மின்னேற்றத்தைக் கவர்ந்து அடியில் படியவைக்கும். 1930களில் ஒயினுக்கு வந்த முறை அது. நம் ஊர்களில் கலங்கிய ஆற்றுநீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பார்கள். மிதக்கும் மண் திரண்டு அடியில் தங்கும். அதுவும் துகள்களைத் திரட்டிப் படியவைக்கும் வேலைதான்.

அந்தக் கொட்டையின் பெயரிலுள்ள தேறு என்ற வேர்தான் தேறல் என்ற சொல்லிலும் இருக்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த மதுவுக்கு நக்கீரர் பயன்படுத்தும் சொல் இது. தேறியது தேறல்: கலங்கல் அடங்கி மேலே நின்ற தெளிவு. வடிகட்டுதல் ஒருவர் செய்யும் செயல். தேறுதல் அந்தப் பொருளுக்குத் தானே நேர்வது. மொழியில் இருக்கும் இந்த வேறுபாடு நிலவறையிலும் உண்மை. நன்றாகப் புளித்துத் தீர்ந்த சிவப்பு ஒயின், குளிர்ந்த இடத்தில் அசையாமல் இருந்து, ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் இரண்டு மூன்று முறை இறுத்தெடுக்கப்பட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆலைக்கு அந்தப் பொறுமை கட்டாது. தொட்டி அடுத்த அறுவடைக்குள் காலியாக வேண்டும், வட்டி ஏறும், கடைக்காரர் காத்திருக்கிறார். வீட்டில் செய்பவரிடம் ஆலையிடம் இல்லாத ஒரே வசதி காலம்தான். அதை விட்டுவிட்டு ஆலையின் அவசரத்தைக் கடன் வாங்குவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. துளை மணத்தைத் திருடுகிறது என்ற குற்றச்சாட்டிலிருந்து வடிகட்டியை விடுவிக்க வேண்டும். காகிதச் சுவைக்கும் பழவாசம் போனதற்கும் காரணம் கழுவாத அட்டையும் காற்றும். 23 லிட்டர் என்ற சிறிய அளவு அந்த இரண்டையும் பெருக்கிக் காட்டுகிறது. அதே அளவுதான் வீட்டில் வடிகட்டியைப் பெரும்பாலும் வேண்டாத கருவியாக்குகிறது: இனிப்பில்லாத, புளிப்பு முடிந்த சிவப்பு ஒயினை வடிகட்டக் கூடாது. இனிப்பு மிஞ்சிய வெள்ளை ஒயினுக்கு வடிகட்டல் தகும், ஆனால் சவ்வு வடிகட்டியும் சல்பைட் அளவீடும் சேர்ந்தால் மட்டும். லிஞ்ச் கட்சி தவறான காரணம் சொல்லி, வீட்டுக் குடுவையைப் பொறுத்தவரை சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதை நம்பாதவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வடிகட்டும்போது சில புட்டிகளை வடிகட்டாமல் அதே நாளில் அடைத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஆறு பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் முன்பும் நிறம் தெரியாத மூன்று கோப்பைகள் வையுங்கள்: இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மற்றது. எது தனித்தது என்று மட்டும் கேளுங்கள். ஊகித்தே மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால் நான்கு பேர் சரியாகச் சொன்னாலும் அது தற்செயலாக இருக்கலாம். ஐந்து பேராவது சுட்டிக்காட்டினால்தான் வடிகட்டி எதையோ மாற்றியிருக்கிறது என்று கொள்ள முடியும்.